முள்முடி நட்சத்திர மீனைக் கொல்லும் முடிவை ரோபோவிடம் விடலாமா?

செல்வி_கடலியல்:
ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீனைத் தேடிப்பிடித்து விஷ ஊசி போட, குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2015இல் காட்ஸ்பாட் என்ற தானியங்கி நீர்மூழ்கியை உருவாக்கியது. 2018இல் அதைவிடச் சிறிய ரேஞ்சர்பாட் வந்தது. கேமராவில் பட்டதை வைத்து, எது சாக வேண்டும் என்று மென்பொருளே தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மீன் அந்தக் கடலிலேயே பிறந்து வளரும் உயிர்.

முத்துக்குமரன்:
அந்தக் கடல் உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1985 முதல் 2012 வரை அங்கே பவளப் பரப்பு பாதியாகிவிட்டது. அந்த இழப்பில் 42 சதவீதம் இந்த மீனால், 48 புயலால், 10 கடல்நீர் சூடாகிப் பவளம் வெளுத்துப்போவதால் என்று ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவன ஆய்வு சொன்னது. புயலைத் தடுக்க வழியில்லை, மீனைத் தடுக்கலாமே. முன்பு முக்குளிப்பவர்கள் ஒரே மீனுக்குப் பல இடத்தில் ஊசி குத்த வேண்டியிருந்தது. பித்த உப்புக் கரைசலை ஒருமுறை ஏற்றினாலே போதும் என்று ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தார் கண்ட பிறகுதான் இயந்திரக் கையால் முடிகிற வேலையானது.

செல்வி_கடலியல்:
அடையாளம் காண்பதில் 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்கிறார்கள். கலங்கிய நீரில், பவளத் தட்டுக்கு அடியில் நாலு கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும் மீனிடமும் அதே துல்லியம் வருமா? வயல் உரம் ஆற்றோடு கடலுக்குப் போய் மிதவை உயிரிகளைப் பெருக்கி, இதன் குஞ்சுகளுக்குத் தீனி ஆகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பணத்தை அந்த உரத்தைக் குறைப்பதில் போடுங்கள்.

ரீஃப்வாசி:
செல்வி அக்கா, உரத்தைக் குறைக்க வேண்டும், சரி. பலன் தெரிய வருடக்கணக்கில் ஆகுமே, அதுவரை? முக்குளிப்பவர்கள் நீருக்கடியில் இருக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. இந்த மீன்களில் பல இரவில்தான் மேய வெளியே வரும், அந்நேரத்தில் ஆளை இறக்குவது ஆபத்து. இன்னொன்று, காட்ஸ்பாட்டுக்குச் சந்தேகம் வந்தால் படத்தை எடுத்து வைத்து ஆளிடம் கேட்கும்படித்தான் வடிவமைத்தார்கள்.

செல்வி_கடலியல்:
சந்தேகம் வந்தால் கேட்கும், சரி தம்பி. தப்பாக உறுதியாக இருந்தால்? எனக்கு அதுதான் பயம். ஒவ்வொரு ஊசிக்கும் படம், இடம், நேரம் மூன்றையும் பொதுவில் போடட்டும். வெளி ஆய்வாளர் எண்ணிப் பார்க்கட்டும்.

முத்துக்குமரன்:
அதில் நான் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி கருவியைக் கரையில் நிறுத்தாதீர்கள். ஒரு பெண் மீன் ஒரே பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும்.