புதுப்பிப்பு: மாட்டிறைச்சி ஸ்டூ இந்த முறை சரியாக வந்தது

ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பானை) வைத்த ஸ்டூ தண்ணீராகவும் இறைச்சி ரப்பராகவும் வந்தது ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று மறுபடி வைத்தேன்.

பிழை தண்ணீரில்தான். மூடிய பானையில் ஆவி அவ்வளவாக வெளியேறாது; ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கப் போதும். தனிச் சதைக்குப் பதில் சவ்வுள்ள கால் இறைச்சி வாங்கி, முதலில் சட்டியில் சிவக்க வறுத்தேன். அந்த மணம் வேறு எதிலும் வராது. சவ்வு மெல்லக் கரைந்து குழம்பையே கெட்டியாக்கியது. நாங்கள் இருக்கும் மலைநகரான நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் எட்டு மணி நேரத்தை ஒன்பதாக்கினேன். கரட், உருளைக்கிழங்கு அடியில். லீக்ஸ் கடைசி அரை மணியில். அப்புறம், இடையில் மூடியைத் திறக்காதீர்கள்.

ரோஸ்ட் பாணில் தோய்த்துச் சாப்பிட்ட அம்மா இன்னொரு கோப்பை கேட்டார்.