புதுப்பிப்பு: பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் உறுமலும் சிவந்துபோன ஈஎல்84-உம்

பெயர்ப்பலகையோ சுற்றுவரைபடமோ இல்லாத என் பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஓயாமல் உறுமுவதையும், சிறிது நேரம் வாசித்ததும் ஸ்பீக்கரை இயக்கும் அதன் இரண்டு ஈஎல்84 வால்வுகளில் ஒன்றின் உள்ளே இருக்கும் தகடு செக்கச்செவேலென்று சிவந்துவிடுவதையும் முன்பு எழுதியிருந்தேன். வால்வை மாற்றும்படி பலர் சொன்னார்கள். ஆனால் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தியபோதும் அதே சாக்கெட்டில் இருந்த வால்வுதான் சிவந்தது என்பதால், கோளாறு சுற்றில் இருப்பது உறுதியாயிற்று.

அந்த வால்வின் கிரிட்டில், அதாவது அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையில், மின்னழுத்தம் ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும். மீட்டர் காட்டியதோ நேர்மின்னழுத்தம், அதுவும் சூடேறச் சூடேறக் கூடிக்கொண்டே போனது. முந்தைய நிலையின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலிச்சைகையை மட்டும் கடத்த வேண்டிய மெழுகு பூசிய காகிதக் கெப்பாசிட்டர் கசிந்ததே காரணம். 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டரைப் பொருத்தியதும் சிவப்பு அடங்கியது. உறுமலுக்குக் காரணம், மின்வழங்கலைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோனது, அவற்றையும் மாற்றியாயிற்று.

பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மின்தடை வழியே அதை வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே கைவைக்க வேண்டும். இரண்டு முள் வயரை நீக்கி, சேசிஸுடன் (உலோகச் சட்டகத்துடன்) எர்த் இணைத்த மூன்று முள் வயரையும் போட்டுவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர்களும் ஸ்பீக்கரும் அசல்தான். ஒலியளவைக் கூட்டும்போது மெல்ல இறுகிப் பிறகு கரகரக்கும் அந்தக் குரலை இழக்க எனக்கு மனமில்லை, ஆகவே அவற்றைத் தொடவில்லை.