மெஜந்தா டெவலப்பர் மாற்றிய பிறகு தாள் முழுவதும் சிவப்புப் படலம், அவசர உதவி தேவை

உட்துறைமுக வீதி:
வணக்கம். கலர் கொப்பி இயந்திரத்தில் மெஜந்தா டெவலப்பர் (டோனர் என்னும் மைத்தூளை ஏந்திச் செல்லும் தூள்) மாற்றினேன். அன்றிலிருந்து வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாகப் படிகிறது. கலர் கலிபிரேஷன் (நிறச் சரிசெய்தல்) செய்யச் செய்ய நிலைமை மோசமாகிறது. கையில் ஒரு கல்வெட்டு (இறந்தவருக்கான நினைவு மலர்) வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டிச் சடங்கு. அட்டைப் படத்தில் அந்த அம்மாவின் முகம் பச்சையடிக்கிறது. பிள்ளைகளிடம் இதை எப்படி நீட்டுவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மூதூர் அச்சு:
என்ன இயந்திரம்? மாதிரி எண்? தூளை மட்டும் மாற்றினீர்களா, டெவலப்பர் யூனிட்டோடு மாற்றினீர்களா? படம் உருவாகும் டிரம் எவ்வளவு ஓடியிருக்கிறது? என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது படலம் டிரம்மைத் துடைக்கும் பிளேடினால்தான் வரும். முதலில் பிளேடைப் பாருங்கள்.

நிலாவெளிக் காற்று:
உட்துறைமுக வீதி என்றால் கடலைப் பார்த்தபடி கடை. காரணம் ஈரம்தான். காற்றில் ஈரம் கூடினால் டோனரின் மின்னேற்றம் குறையும், குறைந்தால் தூள் கண்ட இடத்தில் விழும். மாரி காலத்தில் தாள் கட்டைப் பிரித்து அப்படியே தட்டில் விட்டுப்போகாதீர்கள், பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். ஓர் இரவு கதவைப் பூட்டி அறையை உலரவிட்டுப் பாருங்கள்.

கிண்ணியா:
நிலாவெளி அண்ணா, ஈரம் என்றால் நான்கு நிறமும் சேர்ந்து படிய வேண்டும். இங்கே மாற்றிய நிறம் மட்டும்தான் படிகிறது. மூதூர் அண்ணா, பிளேடு தேய்ந்தால் தாளின் நீளவாக்கில் கோடு விழும், இப்படி ஒரே சீராகப் படியாது.
கேட்டவரிடம் ஒரு கேள்வி. புதுத் தூள் போட்ட பிறகு, முதல் கொப்பி எடுக்கும் முன்பு, சர்வீஸ் நிலையில் (தொழில்நுட்பவியலாளருக்கான மெனு) டெவலப்பர் அட்ஜஸ்ட்மென்ட் ஓட்டினீர்களா?

பழைய உருளை:
இந்தத் தளத்தில் இதே கேள்விக்குப் பல தடவை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. டெவலப்பர் என்பது மாவு மாற்றுவது போன்ற வேலை அல்ல. பயிற்சி இல்லாதவர்கள் யூனிட்டைத் திறக்கவே கூடாது. தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடுங்கள்.

தட்டச்சு அக்கா:
ஐயா, அவரைக் கூப்பிட்டால் கொழும்பிலிருந்து வருவதற்கே நாட்கள் போய்விடும். அந்தியேட்டி காத்திருக்குமா?

உட்துறைமுக வீதி:
மன்னிக்கவும், கடையில் கூட்டம். ஷார்ப் எம்.எக்ஸ் வரிசை, ரீகண்டிஷன் (புதுப்பித்த பழைய இயந்திரம்). பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதுப் பொதியைப் போட்டேன். சர்வீஸ் நிலையில் எதுவும் ஓட்டவில்லை, மெனுவில் இருக்கும் கலிபிரேஷன் மட்டும்தான். இதுவரை முந்நூறு தாளுக்கு மேல் போயிருக்கும்.

கிண்ணியா:
காரணம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், அடுத்த தடவையும் உதவும்.
டெவலப்பர் என்பது பெரும்பாலும் கேரியர், அதாவது காந்தத்தில் ஒட்டும் மிக நுண்ணிய மணிகள். அதில் டோனர் சிறு பங்குதான். யூனிட்டின் அடியில் இருக்கும் சென்சார் டோனரை நேராகப் பார்ப்பதில்லை, கலவையின் காந்தத் தன்மையை அளக்கிறது. கேரியர் அதிகமாகத் தெரிந்தால் டோனர் குறைந்துவிட்டது என்று கணக்கிட்டு மேலும் டோனரை இறக்கும். 'இதுதான் சரியான அளவு' என்ற எண்ணைப் புதுத் தூள் போட்டவுடன் அதற்குச் சொல்லித் தர வேண்டும். நான் கேட்ட அட்ஜஸ்ட்மென்ட் அதுதான், ஷார்ப்பின் சர்வீஸ் நிலையில் அதற்குச் சிமுலேஷன் 25-2 என்று பெயர். நீங்கள் ஓட்டாததால், தேய்ந்த பழைய தூளுக்கான எண்ணை வைத்துக்கொண்டு புதுத் தூளுக்குள் டோனரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. டோனர் மிஞ்சினால் சில துகள் கேரியரோடு உரசி மின்னேற்றம் பெறாமல் போகும். அந்தத் துகள்தான் வெள்ளையில் விழுகிறது.
முகம் ஏன் பச்சை என்றால், கலிபிரேஷன் தாளை ஸ்கேன் செய்யும்போது எங்கும் மெஜந்தா கூடுதலாகத் தெரிகிறது. உடனே அது படத்தில் மெஜந்தாவைக் குறைக்கிறது. பின்புலப் படலம் அப்படியே நிற்க, தோல் நிறத்திலிருந்து சிவப்பு போய்விடுகிறது. செய்யச் செய்ய மோசமாவதும் இதனால்தான்.

பழைய உருளை:
சிமுலேஷன் எண்களைப் பொதுவில் போடுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். நாளை ஒருவர் படலம் வந்ததும் பழைய தூளின் மேலேயே 25-2 ஓட்டுவார். புதுத் தூள் போட்ட வேளை தவிர வேறு எப்போதும் ஓட்டக் கூடாது என்று கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

தட்டச்சு அக்கா:
அந்த எச்சரிக்கையையும் சேர்த்து எழுதினால் முடிந்தது. மறைத்து வைப்பதால் யாருக்கு நன்மை? இங்கே ஒரு கொமியூனிகேஷன் கடை என்றால் ஒரு குடும்பத்தின் சோறு. இயந்திரம் ஒரு வாரம் நின்றால் வாடகை யார் கட்டுவது?

பழைய உருளை:
வாடகைக்காக இயந்திரத்தைக் கெடுத்தால் அடுத்த மாதம் வாடகையும் இருக்காது, இயந்திரமும் இருக்காது. தொழிலை மதித்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மூதூர் அச்சு:
கற்றுக்கொள்ளத்தானே இங்கே கேட்கிறார்கள், ஐயா. நீங்கள் இதையெல்லாம் எந்த இயந்திரத்தில் பழகினீர்கள்? அதையும் யாரோ ஒருவர் சொல்லித்தானே தந்திருப்பார்.

நிலாவெளிக் காற்று:
சண்டை வேண்டாம். ஆனாலும் ஈரத்தைத் தள்ளிவிடாதீர்கள். எண் சரியாகப் பதிந்த பிறகும் மாரியில் படலம் வரும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உட்துறைமுக வீதி:
அப்படியானால் இப்போதே 25-2 ஓட்டலாமா?

கிண்ணியா:
வேண்டாம்! இந்த இடத்தில் உருளை ஐயா சொல்வது முழுக்கச் சரி. உள்ளே இருப்பது இப்போது புதுத் தூள் அல்ல, டோனர் மிஞ்சிய கலவை. அதன் மேல் ஓட்டினால் அந்தத் தவறான அளவையே சரி என்று பதிந்துகொள்ளும். டோனர் குப்பியைக் கழற்றி மெஜந்தாவை அடித்துத் தீர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையை நம்பி அதில் இறங்காதீர்கள். இன்னொரு பொதி எடுப்பதுதான் வழி. கொழும்பில் சொல்லிவைத்தால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள்.
பொதி வந்ததும் யூனிட்டை முழுவதும் காலி செய்யுங்கள், மூலைகளில் ஒட்டியிருப்பதும் வர வேண்டும். புதுத் தூளை உருளையின் நீளம் முழுவதும் பரவலாகப் போட்டு, முதல் வேலையாக மெஜந்தாவுக்கு மட்டும் 25-2. மற்ற நிறங்களைத் தொடாதீர்கள், அவற்றில் பழைய தூள்தான் இருக்கிறது. அது முடிந்த பிறகு பிராசஸ் கன்ட்ரோல் (அச்சின் அடர்த்தியை இயந்திரம் தானே சரிசெய்வது), பிறகு நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழும் பொருத்தம். கலர் கலிபிரேஷன் கடைசியில்தான். அந்தத் தாளைக் கண்ணாடியில் வைக்கும் முன் கண்ணாடியைத் துடைத்து, தாளின் மேல் சில வெள்ளைத் தாள்களை அடுக்கி மூடுங்கள். கல்வெட்டு அட்டைக்கு என்ன தாள் போட்டாலும் கலிபிரேஷனை வழக்கமான வெள்ளைத் தாளில் செய்யுங்கள்.

பழைய உருளை:
வரிசை சரி. கொட்டிய டோனரை வீட்டு வேக்யூமால் உறிஞ்ச வேண்டாம். அதன் வடிகட்டியில் அந்தத் தூள் நிற்காது, பின்பக்கமாக அறை முழுவதும் வரும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

உட்துறைமுக வீதி:
பொதி வந்தது. சொன்ன வரிசைப்படி செய்தேன். படலம் போய்விட்டது, முகமும் சரியான நிறத்தில் வருகிறது. அட்டைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிண்ணியா அண்ணாவுக்கும் உருளை ஐயாவுக்கும் நன்றி.

மூதூர் அச்சு:
மகிழ்ச்சி. கழிவு டோனர் பெட்டியையும் கழற்றிப் பாருங்கள். இத்தனை நாள் மிஞ்சிய மெஜந்தாவில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கும், அட்டை ஓட்டத்தின் நடுவில் நிரம்பிவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். பிளேடையும் ஒரு பார்வை பாருங்கள்.