எஸ்டீம்: புது ஃபியூல் பிரஷர் ரெகுலேட்டர் மாட்டியதும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்

வண்டி 2004 மாருதி எஸ்டீம் கார், எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்). ஊர் கோவை. பழைய ரெகுலேட்டரில் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் பாகம்) டயஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு, கிழிந்து, இன்ஜினின் உறிஞ்சு விசையை ரெகுலேட்டருக்குக் கொண்டுவரும் வேக்கம் ஹோஸ் வழியாகவே பெட்ரோல் வந்தது. ஒரிஜினல் கிடைக்கவில்லை, மூணு வாரம் முன்பு அடாப்டர் வைத்து, திருகி அட்ஜஸ்ட் செய்யும் வெளி ரெகுலேட்டர் மாட்டினேன்.

வேக்கம் ஹோஸைக் கழற்றி பிரஷரை 43 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வைத்தேன். ஹோஸ் மாட்டினால் ஐடிலில் 34. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆஃப் செய்தால்தான் வினை: இரண்டே நிமிடத்தில் கேஜ் பூஜ்யம். காலையில் ஏழெட்டு விநாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. சாவியை இரண்டு தடவை ஆன்-ஆஃப் செய்து பம்ப்பை ஓடவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது.

ஓ-ரிங் மாற்றியாச்சு. வெளியே கசிவு இல்லை. இன்ஜெக்டரும் சொட்டவில்லை. ஆஃப் செய்ததும், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை நெருக்கிப் பிடித்தால் இருபது நிமிடம் ஆனாலும் 35-க்குக் கீழே இறங்கவில்லை. ஆக, ரெகுலேட்டர் வழியாகத்தான் டேங்குக்குத் திரும்புகிறது. கடைக்காரரோ, "இந்த டைப் எல்லாமே இப்படித்தான் சார்" என்கிறார். விற்றவர் வேறென்ன சொல்வார்!

இதே மாதிரி மாட்டியவர்கள் சொல்லுங்கள்: ஆஃப் செய்த பிறகு உங்கள் ரெகுலேட்டரில் பிரஷர் எவ்வளவு நேரம் நிற்கிறது?