பட்டாணி ஏன் சுருங்கியது? குடும்பக் குழுவில் ஒரு மாலை

அக்கா: பெரியம்மா, நாளைக்கு எட்டாம் வகுப்பில் மரபியல் தொடங்குகிறேன். பலகையில் எழுதிப் போடக் கலைச்சொற்கள் எடுத்து வைத்துவிட்டேன். மரபணு, அல்லீல், குரோமோசோம், ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, ஜீனாக்கம், புறத்தோற்றம்... இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

மாமா: ஒரே நாளில் இவ்வளவா? பாவம் பிள்ளைகள்.

பெரியம்மா: முதல் பாடவேளையில் ஒரு சொல்லும் எழுதாதே. பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டலின் கணக்கை மட்டும் போடு. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். கிடைத்த விதையெல்லாம் உருண்டை. அவற்றை முளைக்கவிட்டுத் தன்மகரந்தச் சேர்க்கை செய்யவிட்டார். அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருங்கல். நடுவில் சுருங்கல் எங்கே போயிருந்தது என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்.

தங்கை: ஒளிந்திருந்தது!!

பெரியம்மா: ம். எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை இதைச் சொல்லிவிடும். அந்த நிமிடம் ‘ஒடுங்கு பண்பு’ என்று பலகையில் எழுது. தேவை வந்த பிறகு வரும் சொல்தான் ஒட்டும். மெண்டலுக்கே மரபணு என்ற சொல் தெரியாது. அவர் கட்டுரை வந்தது 1866இல், அவர் இறந்தது 1884இல். ஜொஹான்சன் என்ற டென்மார்க் தாவரவியலாளர் அந்தப் பெயரை வைத்ததே 1909இல்தான்.

அக்கா: சரி. எனக்குப் பெரிய தலைவலி மரபணுவும் அல்லீலும். ‘உருண்டை மரபணு’, ‘சுருங்கல் மரபணு’ என்று இரண்டு தனித்தனி மரபணுக்கள் இருப்பதுபோல எழுதுகிறார்கள்.

பெரியம்மா: வரையறையை எத்தனை முறை சொன்னாலும் அது போகாது. விதைக்குள்ளே என்ன நடக்கிறது என்று காட்டு. அங்கே இருப்பது ஒரே மரபணு. மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டுகிற ஒரு நொதியைச் செய்வதற்கான குறிப்பு அது. அதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்று ஒழுங்காக வேலை செய்யும். இன்னொன்றின் நடுவே வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து கெடுத்துவிட்டது. இந்த இரண்டு வடிவங்கள்தான் அல்லீல்கள். ஒவ்வொரு விதைக்கும் தாய்ச்செடியிலிருந்து ஒன்று, தந்தைச்செடியிலிருந்து ஒன்று வரும்.

பெரியம்மா: கெட்டது இரண்டு சேர்ந்தால் மாவுச்சத்து குறையும், சர்க்கரை மிஞ்சும். சர்க்கரை தண்ணீரை இழுக்கும், விதை உப்பும். காயும்போது தண்ணீர் போய்விடும், தோல் மட்டும் தொளதொளவென்று நின்று சுருங்கிவிடும். 1990இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

மாமா: ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்றால்?

பெரியம்மா: நல்லது ஒன்று இருந்தாலே போதுமான நொதி கிடைத்துவிடும். விதை உருண்டையாகிவிடும். உருண்டை ஓங்கு பண்பு என்பதன் காரணம் இவ்வளவுதான்.

மாமா: நான் ஓங்கு என்றால் பலசாலி என்று நினைத்தேன். மற்றதை அடக்கிப்போடும் என்று.

பெரியம்மா: பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கும். அதைவிட மோசம், ஓங்கு என்றால் நிறையப் பேருக்கு இருப்பது என்று நினைப்பது. ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகத்தான் வருகிறது, ஆனால் அபூர்வம். ஓ வகை ரத்தம் ஒடுங்கு பண்பு, உலகத்தில் அதிகம் பேருக்கு அதுதான். இந்த இரண்டையும் மறக்காமல் சொல்லிவிடு.

அக்கா: நாக்கைச் சுருட்டச் சொல்லி ஒரு பயிற்சி வைக்கலாமா? எல்லாரும் செய்கிறார்களே.

மாமா: எனக்கு வருகிறது 😛

பெரியம்மா: வேண்டாம். ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. ஒரு மரபணு வேலை என்று 1940இல் எழுதிய மரபியலாளர் ஸ்டர்டிவன்டே பிறகு கைவிட்டுவிட்டார். காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பதும் அவ்வளவு எளிதான கணக்கு இல்லை. அப்பா அம்மா ரத்த வகையைக் கேட்டு எழுதி வரச் சொல்வதும் வேண்டாம். தத்துப்பிள்ளை இருக்கலாம், வீட்டில் தப்பாகச் சொல்லியிருக்கலாம். வகுப்பில் வைத்து அதைக் கிளறக் கூடாது.

அக்கா: அப்போ செய்து பார்க்க எதைக் கொடுப்பது?

பெரியம்மா: நாணயம். இருவர் இருவராக உட்கார வை, ஆளுக்கு ஒன்று. ஒருவர் தாய்ச்செடி, மற்றவர் தந்தைச்செடி. தலை விழுந்தால் உருண்டை அல்லீல், பூ விழுந்தால் சுருங்கல் அல்லீல். நோட்டில் இரண்டு பத்தி. முதல் பத்தியில் என்ன விழுந்தது: தலை-தலை, தலை-பூ, பூ-பூ. அடுத்ததில் விதை பார்க்க எப்படி இருக்கும்: உருண்டை, சுருங்கல். நோட்டு நிரம்பிய பிறகு முதல் பத்திக்கு மேல் ஜீனாக்கம், இரண்டாவதற்கு மேல் புறத்தோற்றம் என்று தலைப்பு எழுதச் சொல். இந்த இரண்டு சொல்லுக்கும் தனியாக விளக்கம் எழுதிப் போடவே வேண்டியதில்லை.

அக்கா: அட, இது நன்றாக இருக்கிறது. மூன்று உருண்டைக்கு ஒரு சுருங்கல் என்று 3:1 வருமா?

பெரியம்மா: ஒரு ஜோடிக்கு வராமல் போகலாம், நாலு தடவை போட்டு நாலும் உருண்டை என்று வந்து நிற்கலாம். வகுப்பு முழுவதையும் கூட்டு, நெருங்கும். மெண்டலுக்கே 2.96:1தான் வந்தது.

தங்கை: பெரியம்மா ஒரு டவுட். கையில் ஒரு உருண்டை விதை இருக்கிறது. உள்ளே தலை-தலையா தலை-பூவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரியம்மா: பார்த்துச் சொல்ல முடியாது. விதைத்து, செடி பூத்ததும் சுருங்கல் விதைச் செடியோடு கலந்து பார். ஒரு விதை சுருங்கி வந்தாலும் தலை-பூ. நிறைய விதை பார்த்தும் ஒன்றுகூடச் சுருங்கவில்லை என்றால் தலை-தலை என்று நம்பலாம். சோதனைக் கலப்பு என்பார்கள்.

அக்கா: இரண்டாவது பாடவேளைக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை மட்டும் கடைசியில் சொல்லிக்கொள்கிறேன்.