ஏற்காடு ஏரியில் ஓட்டும் ஆர்ஓவியை (கேபிள் வழி இயக்கும் நீரடி ரோபோ) எண்ணூரில் இறக்கினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ஐந்துரோடு:
சேலத்தில் கட்டிய 10 கிலோ ஆர்ஓவி. ஆறு த்ரஸ்டர் (தண்ணீரைத் தள்ளி வண்டியை நகர்த்தும் விசிறி மோட்டார்), 100 மீட்டர் கேபிள். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எங்கெங்கே படிந்திருக்கிறது என்று பார்க்கத் திட்டம். ஏற்காடு ஏரியில் இப்போது சோதனை ஓட்டம். மிதக்கும்போதே ஆழம் மைனஸ் 1.2 மீட்டர் காட்டுகிறது. அடியை நெருங்கினால் கேமராவில் வெறும் சேறு. கடலில் எப்படி இருக்கும்?

கன்னங்குறிச்சி:
ஆழ சென்சாரைக் கழற்றாதீர்கள், பழுதில்லை. அது காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். சேலத்தில் ஜீரோ வைத்து மலையேறினால் சுமார் 12 கிலோபாஸ்கல் குறையும். ஒரு மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல். இறக்கும் இடத்தில்தான் ஜீரோ வைக்க வேண்டும். கடலில் நீரடர்த்தியை (கனமீட்டருக்குக் கிலோ) 1000-லிருந்து 1025 ஆக்குங்கள். காம்பஸையும் அங்கேயே, படகு இன்ஜினுக்குத் தள்ளி வைத்துச் சரிபாருங்கள். (கஞ்சமலைப் பக்கம் வேண்டவே வேண்டாம், மலை முழுக்கக் காந்தக்கல்!)

மேட்டூர்மதகு:
சேறு கிளம்புவது மிதப்புக் கோளாறு. வண்டி துளி கனமாக இருந்தாலும் அந்தரத்தில் நிற்க த்ரஸ்டர் தண்ணீரைக் கீழே பீய்ச்சும். 100 கிராம் அளவுக்கு மேலெழும்படி வையுங்கள். அப்போது வண்டியை அமுக்கிப் பிடிக்கத் தண்ணீரை மேலே தள்ளும், அடி கலங்காது. நீரோட்டத்தை எதிர்த்தே ஓட்டுங்கள். விளக்குகளைக் கேமராவிலிருந்து விலக்கி வெளிப்புறம் சாய்த்தால் தூசி மினுக்காது.

10 லிட்டர் இடம் அடைக்கும் வண்டிக்குக் கடல்நீரில் சுமார் 250 கிராம் ஈயம் கூடுதலாக வேண்டும். முகத்துவாரத்தில் உப்பு ஓதத்துக்கு ஓதம் மாறும்; 50 கிராம் கட்டிகளாகக் கொண்டுபோய் அங்கேயே கட்டுங்கள். வண்டியின் மின்னணுப் பெட்டியை மூடியபின் வெற்றிடச் சோதனை கட்டாயம்: கைப்பம்பால் 10 அங்குலப் பாதரச அளவுக்குக் காற்றை உறிஞ்சுங்கள், 15 நிமிடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் ஓ-ரிங்கில் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மணலோ முடியோ இருக்கலாம்.

எண்ணூரில் கேமராவை நம்பிப் பயனில்லை, சுழல் சோனார் (ஒலியை அனுப்பி எதிரொலியால் சுற்றுப்புறத்தைக் காட்டும் கருவி) வாங்குங்கள். ஆனால் அறுந்து கிடக்கும் நைலான் வலை அதிலும் சரியாகத் தெரியாது. கேபிளைத் தளரவிடாமல் ஓர் ஆள் பிடித்தே நிற்க வேண்டும்.

ஐந்துரோடு:
நன்றி. படத்தை வைத்தே சாம்பல் என்று எழுதிவிடலாமா?

கன்னங்குறிச்சி:
முடியாது. களிமண்ணும் அதே நிறம்தான். ஆர்ஓவி இடத்தைக் காட்டட்டும். மண்ணைப் படகிலிருந்து வான் வீன் கிராப் (அடிமண்ணைக் கவ்வி எடுக்கும் இரும்பு வாய்) போட்டு எடுங்கள். உலோகச் சோதனைக்கு, கிராப்பின் பக்கச்சுவரைத் தொடாத நடுப்பகுதியில் மேல் 2 செ.மீ. மட்டும், பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி ஐஸ் பெட்டியில் வையுங்கள். தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் கிடையாது, அதனால் கேபிள் செங்குத்தாக நிற்கும் கணத்தில் படகின் ஜிபிஎஸ் அளவைக் குறியுங்கள். சாம்பலா என்பதை மைக்ராஸ்கோப் சொல்லிவிடும்: கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும்.