தில்லியில் அயல்மொழி ஆசிரியர் வேலை: தேடியவர்கள், கிடைத்தவர்கள் அனுபவம் பகிரலாம்

மயூர் விஹார் பிரெஞ்சு ஆசிரியை:

சென்னையில் பிரெஞ்சு எம்.ஏ. முடித்த தங்கை ஒருவர், கணவரின் பணிமாற்றத்தால் தில்லிக்கு வரவிருப்பதாகவும், இங்குள்ள பள்ளிகளில் வேலை கிடைக்குமா என்றும் என்னிடம் கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் பதில் எழுதுவதைவிட இங்கே எழுதினால், ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி கற்பிக்கிற நம்மவர்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சேர்ப்பார்கள் என்பதால் இதைத் தொடங்குகிறேன்.

வேலை இருக்கிறது. ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டுக்கு ஆள் எடுக்கிற ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்தில் 'டிஜிடி பிரெஞ்சு' (டிஜிடி என்றால் பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர்) என்ற வரி விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் அந்த ஒரே வரிக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு வேலைகள் இருக்கக்கூடும். ஒன்று முழுநேரப் பணியிடம். அரசுப் பள்ளியில் டிஜிடி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 44,900 ரூபாய். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் அதற்குக் குறையாமல் தர வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. மற்றொன்று, வாரத்துக்கு இத்தனை பீரியட், பீரியடுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி, வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற வேலை. இரண்டில் எது என்பதை நேர்காணலின் கடைசி நிமிடம் வரை பெரும்பாலும் அவர்களாகச் சொல்வதில்லை. நாம் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

கிழக்கு தில்லிப் பள்ளி ஒன்றில் மாதிரி வகுப்பு நடத்திய அனுபவத்தைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் முதல்வர், துணை முதல்வர், ஆங்கிலத் துறைத் தலைவி ஆகிய மூவரும் அமர்ந்திருந்தார்கள். மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது என்பது உள்ளே நுழைந்த சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. எண்களைக் கற்பிப்பதற்காகப் பழைய டிடிசி பேருந்துச் சீட்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்து எடுத்துப் போயிருந்தேன். ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்து, அதிலுள்ள எண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்திலிருப்பவரிடம் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், அவர் அதைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும் என்றேன். வகுப்பில் சத்தம் கூடியது. துணை முதல்வர் எழுந்து வந்து, பின்வரிசையில் ஒரு பையனின் நோட்டை வாங்கி, அதில் எழுதியிருந்த எண்ணைச் சீட்டோடு தாமே ஒப்பிட்டுப் பார்த்தார். மொழி தெரியாதவரும் சரிபார்க்கக் கூடிய ஒன்றைக் கையில் கொடுத்ததுதான் அன்றைக்கு எனக்கு உதவியது என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு அறையில் கேட்ட கேள்விகளில் பிரெஞ்சைப் பற்றியது எதுவுமே இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துச் சமஸ்கிருதமா பிரெஞ்சா என்று தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரை எட்டாம் வகுப்பு வரை தக்கவைப்பீர்கள் என்றார்கள். பெற்றோர் சந்திப்பை ஹிந்தியில் நடத்த முடியுமா என்றார்கள். என் ஹிந்தி சரோஜினி நகர்ச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கானது. அதை அப்படியே சொன்னேன், சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள். முதல் கேள்வியை அவர்கள் விடவில்லை. பிள்ளைகள் குறைந்தால் இரண்டு பிரிவுகள் ஒன்றாகும், பீரியட் குறையும், முழுநேரப் பணியிடம் அரைநேரமாகும். இந்தக் கணக்கு தெரியாமல் நேர்காணலுக்குப் போக வேண்டாம் என்பதுதான் தங்கைக்கு நான் சொல்ல நினைத்தது.

துவாரகா ஜெர்மன் ஆசிரியர்:

மேடம் சொல்லும் பீரியட் கணக்கு ஒரு பள்ளிக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. 2011-இல் கேந்திரிய வித்யாலயா அமைப்பும் ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு நிறுவனமான கோதே நிலையமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில், அப்பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஜெர்மன் மூன்றாம் மொழியாக நுழைந்தது. அதற்குப் பிறகு கஸ்தூர்பா காந்தி மார்க்கில் உள்ள, கோதே நிலையத்தின் தில்லிக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனில் என்னோடு படித்தவர்களில், வேறு பாடம் நடத்திக்கொண்டே ஜெர்மன் கற்க வந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். தேவை அப்படி இருந்தது.

2014 அக்டோபர் இறுதியில், கல்வியாண்டு நடுவிலேயே, ஜெர்மன் இனி மூன்றாம் மொழியாக இராது, அந்த இடத்தில் சமஸ்கிருதமோ பிற இந்திய மொழியோதான் இருக்கும் என்று முடிவானது. ஏறத்தாழ 70,000 மாணவர்கள் படித்துக்கொண்டிருந்த பாடம் அது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த ஆண்டுக்கு மட்டும் சமஸ்கிருதத் தேர்வு கிடையாது என்று அரசு சொன்ன பிறகே பெற்றோரின் பதற்றம் சற்றுத் தணிந்தது. ஜெர்மன் முற்றிலும் ஒழிக்கப்படவில்லை, விருப்பமுள்ளவர்கள் கூடுதலாகப் படிக்கலாம் என்ற நிலைக்கு வந்தது. கேட்பதற்கு இது சிறிய மாற்றம்தான். ஆனால் மூன்றாம் மொழி கால அட்டவணையில் கட்டாயமாக இடம்பெறுவது, விருப்ப மொழி மிச்சமிருக்கும் நேரத்தில் நடப்பது. அடுத்த ஆண்டு நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் ஒரே ஒரு ஜெர்மன் இடத்துக்கு நேர்காணல் வைத்தபோது நடைக்கூடம் நெடுகிலும் நாற்காலி போட வேண்டியிருந்தது. வந்தவர்களில் என்னைவிட நன்றாக ஜெர்மன் பேசியவர்கள் உண்டு.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் கொரிய மொழி, ஜப்பானிய மொழி, தாய்லாந்து மொழி, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசு, ரஷ்ய மொழி ஆகியவற்றின் பெயர்களைப் பார்த்துவிட்டு இனி வேலைகள் குவியும் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அதே கொள்கையில்தான் மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. 2023-இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் இதையே பின்பற்றுகிறது. ஆங்கிலம் ஏற்கெனவே ஓர் இடத்தைப் பிடித்திருக்கும் பள்ளியில் நம் மொழிக்கு என்ன மிஞ்சும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நேர்காணலில் நான் கேட்கும் ஒரே கேள்வி, என் மொழி உங்கள் அட்டவணையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான். ஆறு முதல் எட்டு வரையில் மட்டுமா, அல்லது ஒன்பது பத்தில் தேர்வுப் பாடமாகவும் தொடர்கிறதா, இல்லை சனிக்கிழமைக் கிளப்பா? பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பள்ளி என்றால் அந்த இடம் எளிதில் ஆடாது. குருகிராம் பக்கத்து ஐ.பி. (சர்வதேச பக்கலோரியேட்) பாடத்திட்டப் பள்ளிகளிலும் நிலைமை தேவலை. டிப்ளமோ படிப்பில் இன்னொரு மொழியைக் கற்பது கட்டாயம் என்பதால் ஆசிரியரைப் பாதியில் குறைப்பது அவர்களுக்கே சிரமம்.

சென்னைத் தங்கை:

அக்காவுக்கும் சாருக்கும் மிக்க நன்றி. என்னிடம் எம்.ஏ.வும் பிரெஞ்சு மொழித்தேர்ச்சிக்கான டெல்ஃப் பி2 சான்றிதழும் இருக்கின்றன, பி.எட். இல்லை. விளம்பரங்களில் எல்லாம் பி.எட். கட்டாயம் என்று போட்டிருக்கிறார்கள். விண்ணப்பிக்கலாமா, அல்லது இரண்டு ஆண்டு ஒதுக்கி அதை முடித்துவிட்டு வரலாமா?

மயூர் விஹார் பிரெஞ்சு ஆசிரியை:

விண்ணப்பித்துவிடுங்கள் அம்மா. அயல்மொழிக்கு பி.எட். உள்ளவர் கிடைப்பது அரிது என்பது பள்ளிகளுக்கும் தெரியும்; நான் சேர்ந்தபோது என்னிடமும் இல்லை. ஆனால் பி.எட். இல்லாதவரை நிரந்தரப் பணியிடத்தில் காட்டுவது அவர்களுக்குச் சிக்கல். அதனால் ஒப்பந்தமாகவே ஆண்டுதோறும் நீட்டிப்பார்கள், ஊதியப் பேச்சிலும் அதையே எடுத்து வைப்பார்கள். வேலையில் இருந்துகொண்டே எப்படி முடிப்பது என்பதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஆகையால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே வந்ததும் லோதி எஸ்டேட்டில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்துக்கு ஒரு நடை போய் ஆசிரியர்களுக்கான பயிற்சி எப்போது என்று விசாரித்து வையுங்கள். அங்கே அறிமுகமாகிற சக ஆசிரியர்கள் வழியாகத்தான் விளம்பரத்துக்கு வராத இடங்கள் காதில் விழும்.

முனிர்கா ஸ்பானிஷ் விரிவுரையாளர்:

பள்ளிக்கதை போதுமான அளவு வந்துவிட்டது, பல்கலைக்கழகப் பக்கத்தை நான் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே ஒன்று: இரண்டும் ஒரே சாலையில் இல்லை. பள்ளி கேட்பது மொழித்தேர்ச்சிச் சான்றிதழும் பி.எட்.டும். பல்கலைக்கழகம் கேட்பது குறைந்தது 55 சதவீதத்துடன் முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சியும். உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதி நடைமுறைக்கு வருவது முதலில் தள்ளிப்போடப்பட்டு, 2023-இல் நெட்டே போதும் என்று முடிந்தது. ஹனுமான் ரோட்டில் உள்ள ஸ்பானிஷ் மொழி மையமான செர்வாந்தெஸ் நிலையத்தில் சி1 என்ற உயர்நிலை வரை ஏறியவர்கூட, லத்தீன் அமெரிக்க இலக்கியத்தைப் படிக்காமல் நெட்டின் இரண்டாம் தாளில் 100 கேள்விகளைத் தாண்ட முடியாது. அதேபோல், நெட்டில் தேறிய சிலர் வகுப்பில் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசத் திணறுவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் துறைகளின் பழைய நோய் அது.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அயல்மொழித் துறைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ஜேஎன்யூவின் இளங்கலை மொழிப்படிப்பில் பிள்ளைகள் மொழியை எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதனால் முதல் ஆண்டில் வகுப்பு மணிநேரம் அதிகம். இப்படிப்பட்ட படிப்புகள் எங்கே நடந்தாலும் நிரந்தரப் பணியிடம் நிரம்பாத வரையில் அந்த மணிநேரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தரப் பணியிடத்தின் தொடக்க ஊதியம் 57,700 ரூபாய், அதன்மேல் படிகள். கௌரவ விரிவுரையாளருக்கு 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த விகிதம் ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய். மாதம் 34 வகுப்பு எடுத்துவிட்டால் உச்சவரம்பைத் தொட்டுவிடலாம் என்று கேட்கையில் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் பணியாற்றிய ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) நடைமுறை இப்படி. ஒவ்வொரு வகுப்புக்கும் பதிவேட்டில் தேதி, நேரம், நடத்திய பாடம், வந்திருந்த மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாத இறுதியில் அதைப் பார்த்துத் தனிப் படிவத்தில் பில் எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்து வாங்கிக் கணக்குப் பிரிவில் சேர்க்க வேண்டும். ஒருமுறை, பல்கலைக்கழக விழாவுக்காக மாணவர்களை அழைத்துப் போனதால் வகுப்பு காலியாக இருந்தது; நான் வந்து காத்திருந்தேன். பதிவேட்டில் மாணவர் எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருக்கிறது என்று சொல்லி, அந்த ஒரு வகுப்பைக் கழிக்காமல் முழு மாத பில்லையே திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் எழுதி, மீண்டும் கையெழுத்து வாங்கிப் பணம் கைக்கு வருவதற்குள் பருவத் தேர்வு வந்துவிட்டது. தேர்வுக் காலத்தில் வகுப்பு இல்லை, அதனால் பில்லும் இல்லை. கோடை விடுமுறைக்கும் அதே கதிதான். வாடகை கேட்கும் முனிர்கா வீட்டுக்காரருக்கு இந்த நாட்காட்டி எல்லாம் புரியாது. மாலையில் தனிப்பயிற்சி வகுப்புகள் இல்லாவிட்டால் நான் ஊருக்கே திரும்பியிருப்பேன்.

இருந்தாலும் அந்த வகுப்புகளை நான் விடவில்லை. முதலாண்டு மாணவர்கள் ஆகஸ்டில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து, அடுத்த ஏப்ரலில் ஒரு சிறுகதையைத் தாங்களாகப் படித்துவிட்டு அதைப் பற்றி என்னோடு வாதாடுவதை வேறு எந்த வேலையிலும் பார்க்க முடியாது.

லாஜ்பத் நகர் ஜப்பானிய மொழி:

சுருக்கமாக என்னுடையது. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிற ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்தேர்ச்சித் தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. அதனால் அதன் நடுநிலையான என்3 சான்றிதழைக் காட்டிய பிறகும் பள்ளியில் ஜப்பானியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து என்னோடு பேச வைத்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்தது, ஓர் ஆண்டு இருந்தேன். அதற்கு அடுத்த மேல்நிலையான என்2 முடித்ததும் குருகிராமில் ஒரு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்விட்டேன், பள்ளிச் சம்பளத்தோடு ஒப்பிடவே வேண்டாம். ஜப்பானிய மொழிக்குப் பள்ளியில் ஆள் நிற்பதில்லை என்று முதல்வர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பீரியடுக்கு இவ்வளவு என்று பேசுகிறவர்கள் அந்தக் குறையைச் சொல்வதுதான் வேடிக்கை.

சென்னைத் தங்கை:

ஒரு பள்ளியிலிருந்து மாதிரி வகுப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டேன்: ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிரெஞ்சு உண்டாம், பத்தாம் வகுப்பில் சென்ற ஆண்டு பிள்ளைகள் தேர்வு எழுதியிருக்கிறார்களாம். ஆனால் முதல் ஆண்டு ஒப்பந்தம்தான் என்கிறார்கள்.

துவாரகா ஜெர்மன் ஆசிரியர்:

பத்தாம் வகுப்பு இருக்கிறதென்றால் தயங்காமல் போங்கள் அம்மா. நியமனக் கடிதத்தில் 'பகுதிநேரம்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒப்பந்தமானாலும் 'முழுநேரம்' என்று எழுதச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் எந்தெந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை பீரியட் என்ற விவரத்தோடு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பள்ளியில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.